‘ஞாபகம் இருக்கா?’ என்று கேட்காத முக்கால் மணி நேரம்

மறதி நோய் வந்த பெரியவர் இருக்கும் வீட்டுக்குப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றியதும் கேட்கும் முதல் கேள்வி, “நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்?” பாசத்தில் கேட்பதுதான். ஆனால் கேட்கப்படுபவருக்கு அது பரீட்சை. ஒரு நாளில் நான்கு பேர் வந்தால் நான்கு பரீட்சை, நான்கிலும் தோல்வி. சில மாதங்களில் அவர் வாய் திறப்பதையே குறைத்துக்கொள்கிறார். “அம்மா இப்பல்லாம் பேசறதே இல்ல” என்று வீட்டில் சொல்ல ஆரம்பிக்கிறார்கள். அதில் ஒரு பங்கு நோய். இன்னொரு பங்கு பரீட்சை பயம்.

மறதி நோய்களில் ஒன்றான அல்சைமர் வந்தவர்களுடன் உட்கார்ந்து ஓவியம் பார்ப்பது என்ற முறை இந்தப் பரீட்சை இல்லாத ஒரு பேச்சை உண்டாக்குவதற்காக வந்தது. குடும்ப ஆல்பத்தைப் பிரித்தால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சரியான விடை இருக்கிறது: இது யார், எந்த ஊர், யார் கல்யாணம். முன்பின் பார்த்திராத ஓவியத்துக்கு அப்படி விடை கிடையாது. “இந்தப் பொம்பளைக்கு என்னமோ கோபம்” என்று ஒருவர் சொன்னால் அது தவறே ஆகாது. நினைவைத் தொடாமல் அபிப்பிராயத்தை மட்டும் கேட்கிறோம். அபிப்பிராயம் சொல்லும் திறன், நினைவு போன பிறகும் வெகுநாள் தங்குகிறது.

இதைப் பெரிய அளவில் செய்துகாட்டிய இடம் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம், சுருக்கமாக ‘மோமா’. 2006-இல் ‘மீட் மீ அட் மோமா’ என்ற பெயரில் தொடங்கினார்கள். அப்போது அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறையாக இருந்த செவ்வாய்க்கிழமையில், மாதம் ஒருமுறை, ஆரம்ப நிலையிலும் நடு நிலையிலும் இருக்கும் நோயாளிகளையும் கூட வருபவர்களையும் சிறு குழுக்களாக உள்ளே அழைத்துப் போவார்கள். கட்டணம் இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் பார்ப்பது நான்கு முதல் ஆறு படைப்புகள்தான். ஒவ்வொன்றின் முன்னும் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுவார்கள். விடுமுறை நாளைத் தேர்ந்தெடுத்தது சலுகைக்காக அல்ல. கூட்டமும் இரைச்சலும் இருந்தால் இந்த நோயாளிகளால் எதிலும் கவனத்தை நிறுத்த முடியாது.

அங்கே நடத்துநர் பின்பற்றும் வரிசை எளிமையானது. முதலில் ஒரு நிமிடமாவது பேசாமல் பார்ப்பது. அடுத்து என்ன தெரிகிறது என்று சொல்வது. பிறகு என்ன நடக்கிறது என்று ஊகிப்பது. அதன் பிறகுதான் சொந்த வாழ்க்கையோடு தொடர்புபடுத்துவது. கடைசியில் நடத்துநர் எல்லோரும் சொன்னதைத் தொகுத்துச் சொல்வார். ஓவியர் பெயர், ஆண்டு, வரலாறு எல்லாம் இடையிடையே சிறு துண்டுகளாக வரும், முதலிலேயே கொட்டப்படாது.

ஏன் என்பதற்கு அங்கேயே ஓர் உதாரணம் தொங்குகிறது: ஆண்ட்ரூ வையத் 1948-இல் வரைந்த ‘கிறிஸ்டினாவின் உலகம்’. வறண்ட புல்வெளியில் இளஞ்சிவப்பு உடையில் ஒரு பெண், கைகளை ஊன்றிப் பாதி எழுந்த நிலையில், தொலைவில் மேட்டில் இருக்கும் வீட்டைப் பார்க்கிறாள். முகம் தெரியாது. “களைப்பா இருக்கா”, “வீட்டுக்குப் போக பயப்படறா”, “யாருக்கோ காத்திருக்கா” என்று எதுவும் பொருந்தும். அவளுக்கு நடக்க முடியாது, அந்த நிலத்தில் தவழ்ந்துதான் போவாள் என்பது உண்மைத் தகவல். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிட்டது, எல்லோரும் ‘ஐயோ பாவம்’ என்று அடுத்த படத்துக்குப் போவார்கள். ஏழெட்டு அபிப்பிராயம் வந்த பிறகு சொன்னால், அதே படத்தை இன்னொரு முறை பார்க்க வைக்கும்.

இது எப்படிச் சாத்தியமாகிறது என்பதற்குக் காரணம், மூளையில் இந்த நோய் பரவும் வரிசை. அல்சைமர் முதலில் தாக்குவது புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸையும் அதை ஒட்டிய பகுதிகளையும். பின்மண்டையில் இருக்கும் முதன்மைப் பார்வைப் பகுதி வழக்கமான அல்சைமரில் கடைசிவரை ஓரளவு தப்பிக்கிறது. ஆகவே காலையில் சாப்பிட்டது மறந்தாலும், கண்முன்னே இருக்கிற படத்தைப் பார்த்து ரசிக்கத் தடையில்லை. படம் முன்னாலேயே இருப்பதால் எதையும் மனதில் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. கதை கேட்பதற்கு முந்தைய வாக்கியம் நினைவிருக்க வேண்டும். படத்துக்கு அது வேண்டாம்.

2008-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் அல்சைமர் நோயாளிகளிடம் ஓவியங்கள் அச்சிட்ட அஞ்சலட்டைகளைக் கொடுத்து, பிடித்த வரிசையில் அடுக்கச் சொன்னார்கள். தெளிவான உருவங்கள் உள்ளவை, உருவம் கலைந்தவை, முழுக்க அரூபமானவை என்று மூன்று வகை. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அதே வேலை. அட்டைகளைப் பார்த்த நினைவே பலருக்கு இல்லை. ஆனாலும் அடுக்கிய வரிசை, நினைவு நன்றாக இருப்பவர்கள் அடுக்கியதைப் போலவே மாறாமல் இருந்தது. ‘அவருக்கு இப்ப எதுவும் தெரியாது’ என்று சொல்பவர்கள் இதை ஒரு முறையாவது வீட்டில் செய்துபார்க்கலாம், ஆறு காலண்டர் படம் போதும்.

இரண்டாவது ஆய்வு அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தினர் 2014-இல் வெளியிட்டது. 17 அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகக் காட்சிகளும் மகிழ்ச்சிக் காட்சிகளும் கொண்ட படத்துண்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். சற்று நேரத்தில் என்ன பார்த்தோம் என்பது பெரும்பாலும் மறந்துவிட்டது, ஆனால் அந்த உணர்ச்சி தங்கியிருந்தது. இன்னும் ஒன்றும் தெரிந்தது: படத்தைப் பற்றிய நினைவு குறைவாக இருந்தவர்களிடம்தான் சோகம் அதிக நேரம் நீடித்தது. காரணம் தெரியாத வருத்தத்துக்குச் சமாதானம் சொல்ல வழியில்லை அல்லவா? காலையில் ‘நான் யாரு?’ என்று கேட்டுவிட்டுப் போன உறவினர் வந்ததே மறந்துபோகும். அவர் விட்டுச்சென்ற கூச்சம் மத்தியானச் சாப்பாட்டில் எரிச்சலாக வெளிவரும். நல்லதொரு முக்கால் மணி நேரத்துக்கும் இதே கணக்குதான்.

இதெல்லாம் மருந்தா என்றால், இல்லை. நோயின் வேகத்தை ஓவியம் குறைக்கும் என்று சொல்ல ஆதாரம் கிடையாது. மோமா நிகழ்ச்சியை நியூயார்க் பல்கலைக்கழகத்தினர் சிரித்த முகம், வாடிய முகம் வரைந்த அளவுகோலை வைத்து மதிப்பிட்டபோது, நோயாளி, பராமரிப்பவர் இருவர் மனநிலையும் நிகழ்ச்சி முடிந்ததும் மேம்பட்டிருந்தது. பிரிட்டனில் டல்விச், நாட்டிங்காம் கலைக்கூடங்களில் 12 நோயாளிகளும் அவர்களைப் பராமரிக்கும் 12 பேரும் எட்டு வாரம் பங்கேற்ற ஆய்வு 2014-இல் வந்தது. வழக்கமான வினாத்தாள் அளவைகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. பேட்டிகளில் மட்டும், சேர்ந்து செய்ய ஒரு வேலை கிடைத்ததையும் தனிமை குறைந்ததையும் பலர் சொன்னார்கள். எதிர்பார்ப்பை இந்த அளவில் வைத்துக்கொள்வதே நேர்மை. வீட்டில் அல்சைமர் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு முக்கால் மணி நேரச் சண்டையில்லாத பேச்சு எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியாவுடன் (அல்சைமர் உள்ளிட்ட மறதி நோய்களின் பொதுப்பெயர்) வாழ்கிறார்கள் என்பது 2023-இல் வெளியான மதிப்பீடு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் இருப்பது வீட்டில்தான். ஆகவே இனி வருவது வீட்டுக்கான முறை.

படத்தில் இருந்து ஆரம்பிக்கலாம், பாதிப் பிழை அங்கேதான் நடக்கிறது. கைப்பேசியில் தேடி நீட்டுவது வேலைக்கு ஆகாது. அல்சைமரில் நிறவேறுபாட்டை, குறிப்பாக நீலத்துக்கும் பச்சைக்கும் இடையிலான வேறுபாட்டைப் பிரித்தறிவது குறைகிறது. வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லாவிட்டால் உருவம் பின்னணியில் கரைந்துவிடும். வயதானால் வரும் கண்புரை வேறு. ஏ3 அளவுக்கு, அதாவது 42 சென்டிமீட்டர் நீளத்துக்குக் குறையாமல் அச்சிட வேண்டும். இணையத்தில் எடுக்கும் கோப்பின் நீளப் பக்கம் 2,500 பிக்சலாவது இருக்கட்டும், இல்லாவிட்டால் முகம் கொழகொழவென்று வரும். கடையில் சொல்லாமல் விட்டால் பளபள லேமினேஷன்தான் போட்டுத் தருவார்கள், டியூப்லைட் அதில் வெள்ளைக் கோடாக விழும். ‘மேட்’ என்று கேட்டு வாங்குங்கள், அல்லது லேமினேஷனே இல்லாமல் கெட்டி அட்டையில் ஒட்டுங்கள். சுவரில் இருக்கும் கண்ணாடி போட்ட படம் வேண்டாம். அதில் தன் முகமே தெரிந்து, உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று பயப்படுபவர்கள் உண்டு.

எந்தப் படம்? ஒன்று முதல் மூன்று ஆட்கள், ஏதாவது ஒன்று நடந்துகொண்டிருக்க வேண்டும், ஆனால் என்ன என்று முழுதாகத் தெரியக் கூடாது. சாமி படம் எல்லோருக்கும் முதலில் தோன்றும். கோவில்பட்டி கொண்டையராஜு பாணிக் காலண்டர் முருகனைக் காட்டினால் கை தானாகக் கூப்பும், முகம் தெளியும். நல்லதுதான், ஆனால் பேச்சு அங்கே நின்றுவிடும். முருகனைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல யார் துணிவார்கள்? அதைக் கடைசிப் படமாக வைத்துக்கொள்ளலாம். பழம் பூ மட்டும் இருக்கும் படம் இரண்டு நிமிடத்தில் தீர்ந்துபோகும். போர், இரத்தம், நம்மையே முறைத்துப் பார்க்கும் பெரிய கண்கள் தவிர்க்க வேண்டியவை. தரையில் பெரிய கரும்பரப்பு இருந்தால் அது குழியாகத் தெரியலாம், வீட்டில் கறுப்பு மிதியடியைத் தாண்டிப் போகிறார்களே, அதே காரணம். அரூப ஓவியத்தை ‘இவங்களுக்கு எதுக்கு’ என்று ஒதுக்காதீர்கள். அடையாளம் காண ஒன்றும் இல்லாததால் சிலர் அதன் முன்தான் கூச்சமில்லாமல் பேசுவார்கள். குழந்தைகளின் வண்ணம் தீட்டும் புத்தகம் மட்டும் கூடவே கூடாது. கணக்கு வாத்தியாராக இருந்தவர் கையில் யானை பொம்மைப் படத்தைக் கொடுத்தால் அவர் எழுந்து போவதில் நியாயம் இருக்கிறது.

நேரம் காலை பத்து மணி வாக்கில், குளித்துச் சாப்பிட்ட பிறகு. மாலை நாலு மணிக்கு மேல் பலருக்குப் பதற்றம் கூடும், அப்போது எதையும் புதிதாகத் தொடங்காதீர்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுவிடுங்கள், காது மிஷினில் பேட்டரி இருக்கிறதா பாருங்கள், டிவியை அணையுங்கள். மேசையில் பூப்போட்ட விரிப்பு இருந்தால் எடுத்துவிடுங்கள், படம் எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்று அவருக்குப் பிரியாது. படத்தைப் படுக்கவைக்காமல், கண் மட்டத்தில், கைக்கெட்டும் தூரத்தில் சாய்த்து வையுங்கள். நீங்கள் எதிரில் உட்காராதீர்கள். எதிரில் உட்கார்ந்தால் அது நேர்காணல், பக்கத்தில் உட்கார்ந்தால் சேர்ந்து பார்ப்பது. மொத்தம் மூன்று படம், ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். அடுத்த படம் கண்ணில் படாமல் இருக்கட்டும்.

ஒரு படத்தை எடுத்துச் செய்துபார்ப்போம். ரவி வர்மா 1893-இல் வரைந்த ‘அதோ அப்பா வருகிறார்’. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண், காலடியில் நாய். பார்வை படத்துக்கு வெளியே ஒரு பக்கமாகப் போகிறது. வருகிற அப்பா படத்தில் இல்லை. அது நமக்கு வசதி. தலைப்பைச் சொல்லிவிடாதீர்கள்.

முதல் ஒரு நிமிடம் பேச்சே வேண்டாம். பிறகு, “இதுல உங்களுக்கு என்ன தெரியுது பாட்டி?” பதில் வர நேரம் ஆகும். மனதுக்குள் பத்து எண்ணுங்கள், நம்மில் பலர் மூன்றிலேயே அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம், அது அவரை மறுபடி முதலில் இருந்து தொடங்க வைக்கிறது. “புள்ள” என்று ஒரு சொல் வரலாம். அதே சொல்லைத் திருப்பிச் சொல்லுங்கள்: “ஆமா, புள்ள.” அழகுபடுத்தி, “ஆமா, அம்மா குழந்தையைத் தூக்கி வெச்சிருக்காங்க” என்று நீட்டினால் அவர் சொன்னது போதவில்லை என்றாகிவிடும். அடுத்து, “எங்க பாக்கறாங்க?” விரலால் காட்டினாலும் அது பதில்தான். “யாரு வர்றாங்கன்னு நினைக்கிறீங்க?” பால்காரர், மாமியார், போலீஸ் எதுவானாலும் சரி. நாயை ஆட்டுக்குட்டி என்றால், “ஆட்டுக்குட்டி என்ன பண்ணுது?” என்று அதிலேயே போங்கள். சொல் தவறிவிட்டது, கவனம் தவறவில்லை.

அமெரிக்கப் பள்ளிகளில் படம் பார்க்கக் கற்றுத்தரும் ஒரு முறையில், பதில் சொன்னதும் “எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்?” என்று கேட்பது முக்கியமான படி. மாணவர்களுக்கு நல்லது. அல்சைமர் உள்ளவரிடம் அதே கேள்வி, குறிப்பாகத் தமிழில் “ஏன் அப்படிச் சொல்றீங்க?” என்று வந்தால், குறுக்கு விசாரணையாகிறது. காரணம் சொல்ல, தான் சற்றுமுன் சொன்னது நினைவிருக்க வேண்டுமே. “எந்த இடத்துல?” என்று கேட்டால் போதும், கண் மறுபடி படத்துக்குப் போகும். நோய் முற்றிய நிலையில் திறந்த கேள்வியும் கனக்கும். அப்போது இரண்டில் ஒன்று: “வெயில் நேரமா, சாயங்காலமா?” “இந்தப் படத்தை மாட்டலாமா, அதை மாட்டலாமா?”

இந்தப் படத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. கணவரை இழந்த பாட்டி திடீரென்று, “அவர் இன்னும் வரலியே” என்று வாசலைப் பார்க்கலாம். “தாத்தா போய் பத்து வருஷம் ஆச்சு பாட்டி” என்று திருத்தினால், அவருக்கு அது இன்று வந்த சாவுச் செய்தி. பொய்யும் வேண்டாம். “அப்பல்லாம் தாத்தா வந்ததும் முதல்ல என்ன கேப்பார்?” என்று கேளுங்கள். “காப்பிதான்” என்று பதில் வந்தால் ஆபத்து கடந்தது. அழுகை வந்தால் அழ விடுங்கள், படத்தை அவசரமாகப் பிடுங்க வேண்டாம், கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருங்கள். அழுகை தணியாமல் பதற்றமாக மாறினால் மட்டும் படத்தைத் திருப்பிவைத்து எழுந்து நடக்கலாம்.

கெட்டுப்போவது பெரும்பாலும் உடன் இருப்பவரால்தான். பாட்டி வாயெடுக்கும் முன் மகள் பதில் சொல்வது ஒன்று. “வெரி குட்!” என்று கை தட்டுவது இன்னொன்று. எழுபத்தைந்து வயதுக்காரருக்கு அது பாராட்டல்ல. பகல்நேரப் பராமரிப்பு மையங்களில் நடக்கும் தவறு வேறு: பதினைந்து பேரை வரிசையாக உட்காரவைத்துப் புரொஜெக்டரில் இருபது படம் ஓட்டுவது. இருட்டில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். ஆறு பேருக்கு மேல் ஒரு குழுவில் வேண்டாம், அரைவட்டமாக உட்காரவையுங்கள், நடத்துநரோடு கூட ஒருவர் இருந்தால் எழுந்து நடப்பவரைப் பார்த்துக்கொள்வார்.

எல்லா டிமென்ஷியாவும் ஒன்றல்ல. லூயி பாடி வகையில் இல்லாத உருவங்கள் கண்ணில் தெரிவது சகஜம். கூட்டமான, நிழலான படங்கள் அதைக் கிளறலாம். பின்மண்டைப் பகுதியை முதலில் தாக்கும் அரிதான அல்சைமர் வகையில் நினைவு நன்றாக இருக்கும், படத்தைத்தான் சேர்த்துப் பார்க்க முடியாது. அவர்களுக்கு இந்த முறை அதே பரீட்சையாகிவிடும். பாட்டு, பட்டுச் சேலையின் ஜரிகை, பித்தளை விளக்கின் எடை என்று கைக்கும் காதுக்கும் போய்விடலாம்.

பலன் இருக்கிறதா என்று அறிய, சாயங்காலம் “காலைல என்ன படம் பார்த்தோம்?” என்று கேட்டுவிடாதீர்கள், காலையில் கட்டியதை அது இடித்துவிடும். ஒரு நோட்டில் நான்கு விஷயம் எழுதுங்கள்: ஒரு படத்தை எத்தனை நிமிடம் பார்த்தார், தானாக எத்தனை முறை பேசினார், உட்காரும்போது முகம் எப்படி, எழும்போது எப்படி. நாலைந்து வாரத்தில் எந்தப் படம் வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும்.

புதுப் படம் தேடி அலைய வேண்டியதும் இல்லை. பன்னிரண்டு அச்சுப் படம் இருந்தால் ஓர் ஆண்டு ஓடும். போன வாரம் பார்த்த படம் அவருக்கு இந்த வாரமும் புதியது. இரண்டு படத்தைக் காட்டி எதை மாட்டலாம் என்று கேட்டால், போன வாரம் எடுத்ததையே அவர் மறுபடியும் எடுக்கக்கூடும். அதைக் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில், படுத்தால் கண்ணுக்கு நேராக, கண்ணாடி இல்லாமல் மாட்டிவிடுங்கள்.